1931: யாழ்ப்பாணம் வாக்குப் போடாத வருசம்

போன சனாதிபதித் தேர்தல் நேரம் எங்கட வாசிப்பு வட்டத்துக்குள்ளேயே சண்டை வந்தது. பகிஷ்கரிக்கிறதுதான் ஒரே வழி எண்டு ஒருத்தர் நிண்டார். 2005இல வாக்குப் போடாமல் விட்டு என்னத்தைக் கண்டனாங்கள் எண்டு இன்னொருத்தர் திருப்பிக் கேட்டார். அந்தத் தேர்தலில் வடக்கின் பெரும்பகுதி வாக்களிக்கவில்லை. வெற்றி வித்தியாசம் ஏறக்குறைய 1 லட்சத்து 80 ஆயிரம் வாக்குகள். இந்தக் கணக்கு ரெண்டு பேருக்கும் நல்லாத் தெரியும். ஒரே தகவலை வைச்சுக்கொண்டு ஒருத்தர் அதைத் தவறு எண்டார், மற்றவர் தன்மானம் எண்டார். அப்ப பிரச்சினை தகவலில் இல்லை. அதைத் தேடப்போய்த்தான் நாங்கள் 1931க்குப் போய்ச் சேர்ந்தோம்.

கதை சுருக்கமாக இதுதான். டொனமூர் ஆணைக்குழு 1928இல் தன் அறிக்கையை வெளியிட்டது. இனவாரிப் பிரதிநிதித்துவம் போய், 21 வயது வந்த ஆண் பெண் எல்லாருக்கும் வாக்குரிமை வந்தது. அதற்கு முதல் இலங்கையில் சனத்தொகையில் 4 வீதம் அளவிலானவர்களுக்குத்தான் வாக்கு இருந்தது. ஆனால் முழுச் சுயராச்சியம் கிடைக்கவில்லை. நிதி, சட்டம், நிர்வாகம் மூன்றும் ஆங்கில அதிகாரிகள் கையில். மேலே தேசாதிபதியின் தடை அதிகாரம். 1931 ஏப்ரலில் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் தன் வருடாந்த மாநாட்டில், இந்தியாவிலிருந்து வந்த கமலாதேவி சட்டோபாத்யாயின் தலைமையில், தேர்தலைப் பகிஷ்கரிக்கத் தீர்மானித்தது. மே 4 வேட்புமனு நாள். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நாலு தொகுதிக்கும் ஒரு மனுவும் வரவில்லை. பெடியள் சொல்லிப் பெரியாக்கள் கேட்ட சம்பவம் எங்கட வரலாற்றில எத்தினை இருக்கு?

ஆனால் பெரியாக்கள் ஏன் கேட்டவை எண்டதுதான் எங்களைக் கனநாள் குடைஞ்சது.

இளைஞர் காங்கிரசின் மையத்தில் இருந்த ஹண்டி பேரின்பநாயகம் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியர். 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிய அந்த அமைப்பு, 1927 நவம்பரில் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தது. தீண்டாமைக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. தமிழர் சிங்களமும் படிக்கவேணும் எண்டது. இந்தக் கண்ணால் பார்க்கிறவருக்கு இலங்கை ஒரே நாடு, எதிரி ஏகாதிபத்தியம், அரைகுறைச் சீர்திருத்தம் ஒரு அவமானம். தெற்கும் தங்களுக்குப் பின்னால் வரும் எண்டு அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். தெற்கிலிருந்து பாராட்டு வந்தது. பகிஷ்கரிப்பு வரவில்லை.

அதே பகிஷ்கரிப்பை ஆதரித்த வேறு ஆட்களும் இருந்தார்கள். அவர்களுக்குச் சுயராச்சியத்தில் பெரிய அவசரமில்லை. இனவாரி ஆசனம் போனதுதான் அவர்களுடைய கவலை. தலைக்கணக்கில் தமிழர் காணாமல் போய்விடுவார்கள் எண்ட பயம். இன்னும் சிலருக்கு, வேலியில் நிண்டு பேசவேண்டியவன் தங்களோடு சரிசமனாய் வாக்குச் சாவடியில் நிற்பான் எண்டதே பொறுக்கேலாத விசயம். சேர் பொன். இராமநாதன் சர்வசன வாக்குரிமையைக் கடுமையாக எதிர்த்தவர். பகிஷ்கரிப்பைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை, 1930 நவம்பரில் காலமாகிவிட்டார். ஆனால் அந்தப் பார்வை அவரோடு போகவில்லை. உதவி பெறும் பள்ளிக்கூடங்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் எண்டு உத்தரவு வந்த காலம் அது. அதற்காகப் பள்ளிக்கூடங்களை எரித்த ஊர்களும் இதே குடாநாட்டில்தான் இருந்தன.

ஆக, வெறுமையாகக் கிடந்த அந்த நாலு ஆசனத்துக்குப் பின்னால் ரெண்டு மூன்று வேறு வேறு உலகங்கள் இருந்தன. ஒரே சொல்லை எல்லாரும் சொன்னதால ஒரே கருத்து எண்டு வெளியில் தெரிந்தது. சாந்தசீலன் கதிர்காமர் போன்றவர்கள் இளைஞர் காங்கிரசின் இலட்சியத்தை முன்வைத்து இந்த வரலாற்றைப் பரிவோடு எழுதினார்கள். வேறு சிலர் இதில் இனவாதத்தின் தொடக்கத்தைத்தான் கண்டார்கள். எங்களுக்குப் படுறது, ரெண்டு பகுதியும் தாங்கள் தேடினதைக் கண்டெடுத்திருக்கினம். ரெண்டும் அங்க இருந்ததுதான்.

ஆசனம் வெறுமையாகக் கிடக்கக் கிடக்க அந்த ஒற்றுமையும் கலைந்தது. 1934இல் இடைத்தேர்தல் நடந்தது. பருத்தித்துறையிலிருந்து ஜி. ஜி. பொன்னம்பலம் அரசாங்க சபைக்குப் போனார். அவர் வழக்கறிஞர். அவருக்கு அரசியல் ஒரு வழக்கு மாதிரி: கட்சிக்காரர் தமிழர், எதிர்ப் பக்கம் சிங்களப் பெரும்பான்மை, கேட்கவேண்டியது பங்கு. 1936இல் அமைச்சர் சபை முழுக்கச் சிங்களவராக அமைந்தபோது, அவருடைய பார்வைக்கு அதைவிடப் பெரிய சாட்சி தேவைப்படவில்லை. ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கை அந்த வழியில் வந்ததுதான். பேரின்பநாயகத்துக்கும் அதே 1936 தெரியும். அவர் 1947இல் வட்டுக்கோட்டையில் போட்டியிட்டுத் தோற்றார். பிறகு கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபராகப் போய்ப் படிப்பித்தார்.

பேரின்பநாயகத்தில எங்களுக்கு ஒரு சாய்வு இருக்கு, மறைக்கேல்ல. ஆனாலும் ஒரு இடம் இடிக்குது. சாதி ஒழியவேணும் எண்டு உண்மையாக நினைத்த அந்த இளைஞர்கள், வாக்கே இல்லாதிருந்த ஒடுக்கப்பட்ட சனத்துக்கும் பெண்களுக்கும் முதல்முறை கிடைத்த வாக்கைப் போடுற வாய்ப்பை மூன்று வருசம் தள்ளி வைத்தார்கள். முழுச் சுதந்திரம் எண்ட பெரிய படத்தைப் பார்த்தவர்களுக்கு இது சின்ன விசயமாகப் பட்டிருக்கலாம். பட்டியலில் முதல்முறை தன் பெயரைக் கண்ட ஒருவருக்கு எப்படிப் பட்டிருக்கும்?

இதை வட்டத்தில் வாசித்தபோது பழைய சண்டை திரும்பத் தொடங்கியது. பகிஷ்கரிப்புக்காரர் 1931ஐத் தன் பக்கம் இழுத்தார், மற்றவர் 1936ஐக் காட்டினார். அதுவரை பேசாமல் இருந்த ஒரு தோழி, "என்ர பூட்டிக்கு அந்த வருசம்தான் முதல் வாக்கு வந்திருக்கவேணும். அவவிட்ட ஆர் கேட்டது?" எண்டா. கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கேல்ல. பிறகு பகிஷ்கரிப்புக்காரர்தான் முதலில் கேட்டார், பூட்டியின்ர ஊர் எது எண்டு.