தண்ணீர் யார் ஊற்றுவது?



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். அவருடைய வகுப்புத் தோழர்கள் 42 பேர் ஆடித்தபசுக்கு ஊருக்கு வருகிறார்களாம். ஆளுக்கு 2,000 ரூபாய் போட்டு, படித்த பள்ளிக்கூடத்திலும் சுற்று வட்டாரத்திலும் 500 மரக்கன்று வைக்கப் போகிறார்களாம். “நீங்கதான் சார் மொதக் கன்ன நடணும்” என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது. “தண்ணி யாருய்யா ஊத்துவா?” என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “அது பாத்துக்கிடலாம் சார்” என்றார்.

அவரைக் குறை சொல்லவில்லை. இதே பதிலை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன். சரித்திர வாத்தியாரிடம் ஒரு கேள்வி கேட்டால் ராஜராஜன் காலத்திலிருந்துதான் பதில் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் கதை. 1986-இல் பள்ளியில் தோட்டச் சங்கம் ஒன்று ஆரம்பித்தோம். பெயர்தான் பெரிது. நானும் முப்பது பையன்களும், இரண்டு மண்வெட்டியும் ஒரு கடப்பாரையும். சமூகக் காடுகள் வளர்ப்புத் திட்டத்து நாற்றங்காலில் கன்று இலவசமாகக் கிடைத்தது. வேம்பு, புங்கை, வாகை என்று 60 கன்று வாங்கி வந்து ஜூலை மாதம் நட்டோம். பையன்கள் ஆளுக்கு ஒரு ரூபாய் கொண்டு வந்தார்கள். அந்தப் பணத்தில் கன்று ஏற்றி வந்த வண்டி வாடகையும், நடுவிழாவுக்கு மிட்டாயும் போக மிச்சம் ஒன்றும் இல்லை. பள்ளி நடக்கிற நாளில் பையன்கள் அடிபம்பிலிருந்து குடத்தில் தூக்கி ஊற்றினார்கள். ஏப்ரலில் பரீட்சை. மே மாதம் லீவு. நானும் மாமனார் ஊருக்குப் போய்விட்டேன். ஜூனில் பள்ளி திறந்தபோது 60-இல் 3 நின்றது. மூன்றும் சத்துணவுத் தட்டு கழுவுகிற தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்குப் பக்கத்தில் நட்டவை. நாங்கள் பார்த்துப் பார்த்து ஊற்றியதெல்லாம் கருகிக் கிடந்தது. ஒரு பையன் தன் கன்றுக்குப் பெயர் வைத்திருந்தான். அந்தக் குச்சியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு அவன் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் தோட்டங்களின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். பாடப் புத்தகத்தில் அசோகர் சாலையோரம் மரம் நட்டார் என்று ஒரு வரி இருக்கும். யார் தண்ணீர் ஊற்றினார்கள், அவருக்குக் கூலி எங்கிருந்து வந்தது என்று எந்தப் பரீட்சையிலும் கேட்பதில்லை. நானே கேட்டதில்லை.

ஆனால் நம் கோவில் கல்வெட்டுகளில் அதற்குப் பதில் இருக்கிறது. சோழர், பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகளில் திருநந்தவனம் என்ற சொல் அடிக்கடி வரும். சாமிக்குச் சாத்துகிற மாலைக்குத் திருப்பள்ளித்தாமம் என்று பெயர். அந்தப் பூவுக்காக அமைத்த தோட்டம் திருநந்தவனம். கல்வெட்டைப் படிக்கிறபோது கவனிக்க வேண்டியது, இத்தனை செடி வைத்தேன் என்று யாரும் வெட்டி வைக்கவில்லை. நந்தவனப்புறம் என்று தனியாக நிலம் விட்டிருக்கிறார்கள். அந்த நிலத்து விளைச்சல் நந்தவனத்தில் வேலை செய்கிறவர்களின் பிழைப்புக்கு. சில கல்வெட்டுகளில் அவர்களுடைய சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் தனித்தனியாகவே ஏற்பாடு எழுதியிருக்கும். செடி வாங்கும் செலவைப் பற்றி அவர்கள் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. செடி ஒரு நாள் செலவு. ஆளுக்குத்தான் தினம் சோறு போட வேண்டும்.

இதே கணக்கைக் கோவில் விளக்கிலும் பார்க்கலாம். ஒரு நந்தா விளக்கு எரிய, நாளுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். நெய்யை வாங்கிக் கொடுக்காமல் ஆட்டைக் கொடுத்தார்கள். ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடு என்று சோழர் கல்வெட்டுகள் சொல்லும். அந்த ஆடுகளுக்கு ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். ஆடு சாகாமலா இருக்கும்? செத்ததற்குப் பதில் குட்டி வளர்ந்து நிற்கும். கணக்கில் எண்ணிக்கை குறையாது, அவ்வளவுதான். வாங்கிக்கொண்ட இடையர் நெய் அளந்துகொண்டே இருக்க வேண்டும். பேங்கில் வேலை பார்க்கிற என் மாணவர்களுக்கு இது சட்டென்று புரியும். முதலைத் தொடாமல் வட்டியில் விளக்கு எரித்திருக்கிறார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கிறது. ஆண்டாள் கோவிலுக்குப் போகிறவர்கள் தேரையும் கோபுரத்தையும் பார்த்துவிட்டு பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அங்கே ஒரு நந்தவனம் உண்டு. பெரியாழ்வார் துளசிச் செடியின் அடியில் ஆண்டாளைக் கண்டெடுத்த இடம் என்று சொல்வார்கள். ஆழ்வார்களில் ஒருவர், பாண்டியன் சபையில் பொற்கிழி வென்றவர் என்கிறது வைணவ மரபு. அப்பேர்ப்பட்டவருக்கு அன்றாட வேலை என்ன? நந்தவனத்துக்குத் தண்ணீர் இறைப்பது, பூப் பறிப்பது, மாலை கட்டுவது. பாடியதற்குப் பெயர் வாங்கினார். இறைத்த தண்ணீருக்குக் கணக்கு யாரிடமும் இல்லை.

வெள்ளைக்காரர்கள் வந்த பிறகு சந்தா கட்டி நடத்துகிற தோட்டச் சங்கங்கள் வந்தன. நம் மாகாணத்தில் முதன்மையானது 1835-இல் டாக்டர் ராபர்ட் வைட் சென்னையில் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம். அவர் கம்பெனி அரசாங்கத்து டாக்டர், ஆனால் மனசெல்லாம் செடிகொடியில். ரங்கய்யா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்களை வைத்துத் தென்னிந்தியச் செடிகளை வரைய வைத்தவர். அந்தப் படங்களைப் பார்த்தால் இலை நரம்பைக்கூட எண்ணலாம்.

ஊட்டிக் கதை இன்னும் சுவாரஸ்யம். இன்றைக்கு நாம் மே மாதம் மலர்க் கண்காட்சி பார்க்க முண்டியடிக்கிற தாவரவியல் பூங்கா, காய்கறிக்காக ஆரம்பித்தது. 1840-களில் அங்கே குடியிருந்த ஐரோப்பியர்களுக்கு நியாயமான விலையில் காய்கறி கிடைக்கவில்லை. மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு ஒரு தோட்டம் நடத்தினார்கள். அந்தக் காலத்து 3 ரூபாய் சின்னப் பணமல்ல. அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. முட்டைக்கோஸுக்காகச் சந்தா கட்டுகிறவர் முட்டைக்கோஸை எண்ணிக்கொண்டேதான் இருப்பார் என்பது என் அபிப்பிராயம். பிறகு சென்னை கவர்னர் ட்வீட்டேல் பிரபு முன்னின்று, நன்கொடையும் சந்தாவும் திரட்டித் தோட்டக்கலைச் சங்கமும் பொதுத் தோட்டமும் அமைக்க ஒரு கமிட்டி போட்டார்கள். அந்தக் கமிட்டி செய்த உருப்படியான காரியம், தெரிந்த ஓர் ஆளை முழுநேர வேலைக்கு வைத்ததுதான். லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் 1848-இல் வந்து சேர்ந்தார். மேல்பக்கம் காடு, கீழ்ப்பக்கம் சதுப்பு. அதைத் தோட்டமாக்க அவருக்குப் பத்து வருஷம் பிடித்தது. பின்னால் அது அரசாங்கத் தோட்டமாகி, 1896-இல் மலர்க் கண்காட்சியும் தொடங்கி, இன்றைக்கும் நிற்கிறது.

சென்னைச் சங்கத்தின் பின்கதை உங்களில் பலருக்குத் தெரியாமலே தெரியும். கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஹோட்டல் என்று ஒன்று இருந்தது. காருக்குள்ளேயே உட்கார்ந்து காபி சாப்பிடலாம். 1962-இல் திறந்த அந்த ஹோட்டல் இருந்தது தோட்டக்கலைச் சங்கத்திடமிருந்து குத்தகைக்கு எடுத்த இடத்தில். செடி வளர்க்கிற சங்கத்தின் இடத்தில் தோசை வார்த்தார்கள் என்று சிரிக்கலாம். தோட்டம் வைத்திருக்கிறவர்களுக்கு மாதா மாதம் வரும்படி வேண்டுமே! 2008-இல் ஹோட்டல் மூடியது. அந்த இடத்தில்தான் 2010-இல் செம்மொழிப் பூங்கா திறந்தது.

இங்கிலாந்தில் இதைத் தலைகீழாகச் செய்தார்கள். அங்கே வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸ்களுக்குப் பணம் வேண்டியிருந்தது. 1927-இல் சொந்தத் தோட்டம் வைத்திருந்தவர்களைக் கேட்டு, ஊர் ஜனங்களுக்குத் திறந்துவிடச் சொன்னார்கள். தலைக்கு ஒரு ஷில்லிங். 609 தோட்டங்கள் திறந்து, முதல் வருஷமே 8,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. அந்தத் திட்டம் இன்றும் நடக்கிறது. தோட்டத்துக்காக வசூல் செய்வது ஒரு படி. தோட்டமே ஊருக்காக வசூல் செய்து கொடுப்பது அதற்கு மேல் படி. அந்தப் படிக்கு நாம் பிறகு வருவோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மாதக் கணக்கு. வனமகோற்சவம் என்ற மரம் நடு விழாவை 1950-இல் மத்திய அமைச்சர் கே. எம். முன்ஷி தொடங்கி வைத்தார். ஜூலை மாதம். வடக்கே அது மழைக்காலம், கன்று பிழைத்துக்கொள்ளும். குற்றாலத்திலும் சாரல் அடிக்கும். நம் சங்கரன்கோவிலில் ஜூலையில் என்ன இருக்கிறது? காற்றுதான். நம்மைச் சுற்றிக் காற்றாலைகளைச் சும்மாவா நிறுத்தி வைத்திருக்கிறார்கள்? அந்தக் காற்றில் ஈரம் நிற்காது. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். டெல்லிக்குப் பொருந்துகிற மாதத்தை வைத்து நாங்கள் 1986-இல் நட்டோம். நீங்கள் ஆடித்தபசுக்கு நடப் போகிறேன் என்கிறீர்கள்.

1988-இல் மறுபடி ஆரம்பித்தபோது 60 வேண்டாம், 25 போதும் என்று முடிவு செய்தோம். ஐப்பசியில் நட்டோம். சுற்றி உடைமுள் வேலி, வெள்ளாட்டுக்குப் பயந்து. பள்ளிக்குப் பின்தெருவில் ஒரு தாத்தா இருந்தார். சைக்கிளில் இரண்டு பக்கமும் குடம் கட்டி டீக்கடைகளுக்குத் தண்ணீர் போடுவார். லீவு நாள் உட்பட வாரம் மூன்று நாள் ஊற்ற, மாதம் 60 ரூபாய் பேசினோம். வருஷத்துக்கு 720. இந்த முறை வசூலே தாத்தா சம்பளத்துக்குத்தான்.

ஆடித்தபசுக் கூட்டத்தில் துளசிக் கன்று விற்றோம். பாலித்தீன் பையில் பையன்களே விதை போட்டு வளர்த்தது. ஒன்று 2 ரூபாய், 130 விற்றது, 260 ரூபாய். பழைய நோட்டும் பேப்பரும் எடைக்குப் போட்டதில் 210. பள்ளித் தோட்டத்துக் கீரையும் முருங்கைக்காயும் ஆசிரியர்கள் வாங்கிய வகையில் 150. குறைந்த 100 ரூபாயை ஆசிரியர் அறையில் தொப்பி ஏந்தி வாங்கினேன். சம்பள நாளில்தான் ஏந்தினேன், அந்த விவரம் எனக்கு உண்டு. சந்தாவுக்குப் பதிலாக ஒவ்வொரு பையனும் தன் வீட்டில் ஒரு முருங்கைக் கம்பு ஊன்ற வேண்டும், பக்கத்து வீட்டுக்கும் ஒன்று ஊன்றிக் கொடுக்க வேண்டும் என்று விதி வைத்தோம். அந்தத் தெருக்களில் முருங்கை நிறைந்தது அப்படித்தான்.

1990-இல் ஒரு தவறு நடந்தது. ஏப்ரல் கடைசியில் பரீட்சைப் பேப்பர் திருத்தும் அவசரத்தில் தாத்தாவுக்கு மே மாதச் சம்பளத்தைக் கொடுக்காமல் ஊருக்குப் போய்விட்டேன். பணம் என் மேசை டிராயரிலேயே இருந்தது. ஜூனில் பதறிக்கொண்டு வந்து பார்த்தால், மரம் எல்லாம் பச்சையாக நிற்கிறது. தாத்தாவைத் தேடிப் போய் 60 ரூபாயைக் கொடுத்து, “மன்னிச்சிருங்கய்யா” என்றேன். வாங்கி எண்ணி மடியில் வைத்துக்கொண்டார். “நீங்க ஊர்ல இல்ல சார். மரம் ஊர்லதான இருந்துச்சு” என்றார். அவ்வளவுதான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

25-இல் 19 பிழைத்தது. அதில் ஒரு வேம்பு சைக்கிள் ஷெட் பக்கம் நிற்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் நிழலில் நின்று முட்டி போட்டவர்களும் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். தாத்தா காலமாகிப் பல வருஷம் ஆகிறது.

இப்போது உங்கள் 42 பேருக்கு. 500 கன்று வேண்டாம். 40 போதும். டி-ஷர்ட், பிளெக்ஸ் பேனர் இரண்டையும் விட்டுவிடலாம். மொத்தமாக 2,000 தருவதற்குப் பதில் ஆளுக்கு மாதம் 50 ரூபாய் போடுங்கள். மாதம் 2,100 வரும். 2,000 ரூபாய்க்கு வாரம் மூன்று நாள் ஊற்ற ஒருவர் சம்மதித்திருக்கிறார், நானே பேசிவிட்டேன். மிச்சம் 100 வாளிக்கும் ஓஸுக்கும். மூன்று வருஷத்துக்கு 75,600 ரூபாய். அதற்குப் பிறகு வேம்பும் புங்கையும் தானே பிழைத்துக்கொள்ளும். கணக்கு மாதம் முதல் தேதி குரூப்பில் வரும். மே மாதச் சம்பளத்தை ஏப்ரல் 25-க்கு முன்பே கொடுத்துவிடுவேன்.

நடுவது ஐப்பசியில். வர முடிகிறவர்கள் வாருங்கள், மற்றவர்களுக்குப் படம் அனுப்புகிறேன். தபசுக்கு வருகிறவர்களுக்கும் வேலை இருக்கிறது. 40 குழி வெட்டி வெயிலில் ஆறப் போட வேண்டும். தரை இறுகிக் கிடக்கிறது. கடப்பாரை என் வீட்டில் நான்கு இருக்கிறது, மண்வெட்டி மட்டும் யாராவது கொண்டு வாருங்கள்.