மக்குப் பையன்னு ஒருத்தன் உண்டா?



பயிர் வெளுத்துப் போனா நாம பயிரைத் திட்டுறதில்ல. தண்ணி தேங்கி நிக்குதா, சத்து பத்தலையா, வேர்ல பூச்சியான்னு பார்க்கிறோம். ஆனா பிள்ளை படிப்புல பின்தங்கினா மட்டும் "அது மக்கு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுறோம். அந்த வார்த்தைக்குப் பின்னாடி பல காலம் ஒளிஞ்சு இருந்தது பசிதான். அதைக் கண்டுபிடிச்ச கதையைத்தான் இன்னைக்கு எழுதப் போறேன்.

1920-ல், பிட்டி தியாகராயர் தலைவரா இருந்தப்ப, சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்கு பள்ளியில மதிய உணவு கொடுக்கத் தொடங்குச்சு. ஒரு பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மேல செலவு போகக் கூடாதுன்னு கணக்கு. சில வருஷத்துல அந்தச் செலவுக்கு ஆங்கில அரசு முட்டுக்கட்டை போட, திட்டம் நின்னு போச்சு.

அப்புறம் 1956. முதலமைச்சர் காமராசர் எட்டயபுரத்துல மதிய உணவைத் தொடங்கி வச்சார். கல்வித்துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. பலருக்குத் தெரியாத சங்கதி ஒண்ணு உண்டு. ஆரம்பத்துல அந்தச் சோறு ஊர் மக்கள் போட்ட சோறு. அரசு பணம் 1957-லதான் சேர்ந்துச்சு. அப்பவும் ஒரு சாப்பாட்டுக்கு 10 காசுன்னா 6 காசு அரசு, 4 காசு ஊர். அந்த 4 காசுக்காக வீடு வீடா ஏறி இறங்கினவங்க பெரும்பாலும் வாத்தியார்கள்தான். 1958-ல் தொடங்கின பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் இதே மாதிரிதான். பள்ளிக்கு என்ன தேவைன்னு வாத்தியார் பட்டியல் போடுவார். ஊர்க்காரங்க கூரை, பலகை, சீருடைன்னு ஆளுக்கு ஒண்ணா ஏத்துக்குவாங்க.

எங்க அப்பத்தா உலை வைக்கும்போது தினமும் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில போடுமாம். பள்ளிக்கூடத்துக்கான பிடியரிசி அது.

அந்தச் சோத்தை நம்பி வந்த ஒரு பையனைப் பத்தி அப்பத்தா அடிக்கடி சொல்லும். மூணாவதுலயே ரெண்டு வருஷம் தங்கிட்டு, மாடு மேய்க்கப் போனவன். அவன் மேய்ச்சா வருஷக் கூலியா நெல்லு வரும், அதை விட அவங்க அப்பனுக்கு மனசில்ல. வாத்தியார் மூணு தடவை வயக்காட்டுக்கே போய்ப் பேசினாராம். மூணாவது தடவை அந்த அப்பன் ஏரை நிறுத்திட்டு, "மத்தியானம் ஒரு வேளை வயிறு நெறஞ்சா போதுங்க, அனுப்புறேன்"னாராம். பள்ளி விட்ட பிறகும் அரை மணி நேரம் அவனை உக்கார வச்சு எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுத்தார் வாத்தியார். பட்டாளத்துக்குப் போனவங்க போட்ட கடுதாசியை எல்லாம் பின்னாளில் எங்க தெருவுக்குப் படிச்சுக் காட்டினது அதே "மக்கு"தான்.

இதுல யாருக்குப் பெருமை? சோறு போட்ட ஊருக்கா, நடந்த வாத்தியாருக்கா, நெல்லை இழந்த அப்பனுக்கா? மூணு பேர்ல ஒருத்தர் கை விட்டிருந்தாலும் அவன் மாட்டுக்குப் பின்னாலதான் போயிருப்பான்.

1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். 2022-ல் காலை உணவும் வந்துச்சு. நல்லது. அரசே எல்லாம் பார்த்துக்குதுன்னு பிடியரிசிப் பானையைக் கவுத்து வச்சோம், அதுவும் சரிதான். ஆனா அதோட சேர்த்துப் பள்ளிக்கூட வாசலை மிதிக்கிறதையும் விட்டுட்டோமே! சோறு அரசு போடும். "இந்தப் பிள்ளை ஏன் வாடி இருக்கு?"ன்னு கேக்குறது வாத்தியாரும் பெத்தவங்களும்தான்.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூணு பங்கு பெற்றோர் இருக்கணும். அடுத்த கூட்டம் எப்பன்னு விசாரிச்சுட்டுப் போங்க. நடவு வேலை இருந்தா மம்பட்டியை வரப்புல சாத்தி வச்சுட்டுப் போங்க. ஒரு மணி நேரத்துல பயிர் ஒண்ணும் வாடிடாது.