நெய்வேலி: கரி கிடைத்தது, கட்டுபடியானது எப்போது?

போர் போடும் இடங்களில், துளையிலிருந்து எடுத்த மாதிரிகள் கொண்ட கோர் பெட்டிகளை வரிசையாக அடுக்கி, மண்ணையும் கல்லையும் பார்த்துக் குறிப்பெழுதுவது என் உத்தியோகமாக இருந்தது. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "கரி எத்தனை மீட்டர் சார்?" தடிமனைச் சொன்னால் சந்தோஷமாகப் போய்விடுவார்கள். அந்த ஒரு எண்ணை வைத்துச் சுரங்கம் தோண்ட முடியாது என்பதற்கு நெய்வேலியின் கதையே போதும்.

1930களின் நடுவில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில், தண்ணீருக்காகப் போட்ட துளையிலிருந்து கறுப்பாக ஏதோ வந்தது. 1940களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை முறைப்படி துளைகள் போட்டு, பழுப்பு நிலக்கரிதான் என்று உறுதிசெய்தது. வங்காளம், பீகார்ப் பக்கமிருந்து ரயிலில் கரி வரவழைத்துக்கொண்டிருந்த சென்னை மாகாணத்துக்கு அது புதையல். ஆனாலும் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தது 1957 மே மாதத்தில்தான்.

இடையில் இத்தனை வருஷம் ஏன்? கரிக்கு மேலே ஏறக்குறைய 50 மீட்டரும் அதற்கு மேலும் மண்ணும் கடலூர் மணற்கல்லும் கிடந்தன. ஒரு டன் கரிக்கு ஐந்து கன மீட்டருக்கு மேல் அப்புறப்படுத்த வேண்டும். அந்த மணற்கல்லோ இயந்திரத்தின் பல்லைத் தேய்த்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து கீழே இருந்தது. கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீர், மேலிருக்கும் பாரம் குறைந்ததும் சுரங்கத்தின் அடித்தளத்தையே பிளந்துகொண்டு வந்துவிடும். எனவே கோர் பெட்டியில் கரியைவிட அதன் அடியில் இருக்கும் மணலைத்தான் நாங்கள் கவனமாகப் பார்ப்போம். 1950களில் பரிசோதனைக் குழி தோண்டினார்கள், குழாய்க் கிணறுகள் வைத்து இறைத்துப் பார்த்தார்கள். விடாமல் இறைத்தால் அழுத்தம் அடங்கும் என்று தெரிந்தபிறகே துணிச்சல் வந்தது.

கரியின் குணமும் கணக்கைப் புரட்டியது. எடையில் ஏறக்குறைய பாதி ஈரம். தொலைவுக்கு ஏற்றி அனுப்பினால் தண்ணீருக்குத்தான் சரக்குக் கட்டணம். ஆகவே சுரங்க வாயிலிலேயே அனல்மின் நிலையம் என்று முடிவாயிற்று. 1961 ஆகஸ்டில் கரி வெளிப்பட்டது. அடுத்த வருஷம் மின்சாரம் வந்தது. நிலத்துக்கு அடியில் இருந்த கரி 1935லும் அதேதான். தண்ணீரை அடக்கும் வழியும், பக்கத்திலேயே வாங்குகிற ஆளும் கிடைத்த பிறகுதான் அது சரக்கானது.

அந்தக் கணக்கில், கரிக்கு மேலே இருக்கும் வயலுக்கு என்ன விலை போட்டார்கள் என்பது வேறு கேள்வி. 2023ல் காவிரி டெல்டாவை ஒட்டிய மூன்று பழுப்பு நிலக்கரிப் பகுதிகளை ஏலப் பட்டியலிலிருந்து மத்திய அரசு எடுத்துவிட்டது. கரி இல்லை என்பதால் அல்ல, மேலே நெல் விளைகிறது என்பதால்.

இனி எங்காவது போரில் கனிமம் அகப்பட்டது என்று செய்தி வந்தால், தடிமனைக் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். மேலே என்ன இருக்கிறது, அடியில் என்ன இருக்கிறது, யார் வாங்கப்போகிறார்கள் என்றும் கேளுங்கள்.