வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி: ஒரு கைத்தொழில் பிழைத்த வரலாறு

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் சென்ற மாதம் போனில் கேட்டார். "சார், எங்க பக்கத்து வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனவர். கார் ஷெட்ல உட்கார்ந்து ஒரு வருஷமா ஒரு துப்பாக்கி செய்றார். அதுவும் இருநூத்தம்பது வருஷத்துக்கு முந்தின மாடல். கடையில போனா நல்ல துப்பாக்கி கிடைக்கிற நாட்டுல இது எதுக்கு சார்?" நல்ல கேள்வி. ஒருவருக்கு மட்டும் பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. வகுப்புக்கே சொல்லித்தான் பழக்கம். அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் அது என்ன துப்பாக்கி என்று பார்ப்போம். நம் ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்று சொல்வோமே, அந்த இனம்தான். குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, எண்ணெய்த் துணியில் பொதிந்த ஈயக் குண்டை வைத்து, நீண்ட கோலால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். விசையை இழுத்தால் சிக்கிமுக்கிக் கல் இரும்புத் தகட்டில் உரசும். தீப்பொறி பக்கத்தில் உள்ள சின்னக் கிண்ணத்தில் விழும். கிண்ணத்து மருந்து பற்றி, அந்தச் சுடர் ஒரு சிறு துளை வழியாக உள்ளே போனால்தான் குண்டு பாயும். சில சமயம் கிண்ணத்தில் மட்டும் பளிச்சென்று எரிந்து அடங்கிவிடும். ஆங்கிலத்தில் 'ஃப்ளாஷ் இன் த பேன்' என்று சொல்வதற்கு இதுதான் பொருள். 'லாக், ஸ்டாக் அண்ட் பேரல்' என்பதும் துப்பாக்கியின் விசை, கட்டை, குழல் மூன்றையும் சேர்த்துச் சொல்வதுதான்.

இந்த வகையில் புகழ்பெற்றது அமெரிக்காவின் நீள் ரைஃபிள். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் பென்சில்வேனியாவுக்குக் குடியேறிய கொல்லர்கள் தங்கள் ஊர் வேட்டைத் துப்பாக்கியைக் கூடவே கொண்டுவந்தார்கள். அது குட்டையானது, பெரிய குண்டு போடுவது. புதிய நாட்டின் காட்டில் ஈயமும் மருந்தும் அருமை. அதனால் குழலை 40 அங்குலத்துக்கு மேல் நீட்டினார்கள். துளையைச் சிறிதாக்கினார்கள். வரிவரியாக ரேகை ஓடும் மேப்பிள் மரத்தில் கட்டை செய்தார்கள். செய்தது பென்சில்வேனியாவில் என்றாலும் 'கென்டக்கி ரைஃபிள்' என்றுதான் பெயர் நிலைத்தது.

குழலுக்குள் திருகு போலப் பள்ளம் வெட்டியிருக்கும். அதனால் குண்டு சுழன்றுகொண்டே நேராகப் போகும். அன்றைய சிப்பாயின் சாதாரண மஸ்கட்டைக் கொண்டு 100 கஜத்தில் நிற்கும் ஆளைக் குறிபார்த்து அடிப்பதே கடினம். நல்ல கையில் உள்ள ரைஃபிள் 200 கஜத்திலும் அடிக்கும். ஆனால் மஸ்கட் நிமிஷத்துக்கு மூன்று முறை சுடும்போது ரைஃபிள் ஒரு முறைதான் சுடும்.

1780 அக்டோபர் 7 அன்று கிங்ஸ் மவுண்டன் என்ற குன்றில், மலைப்பகுதிக் குடியானவர்கள் இந்த ரைஃபிளோடு மரத்துக்கு மரம் மறைந்து ஏறி, பிரிட்டிஷ் பக்கம் நின்ற படையை ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான சண்டையில் வென்றார்கள். அங்கே மாண்ட பிரிட்டிஷ் தளபதி பேட்ரிக் ஃபெர்குசன். குழலின் பின்பக்கமாகக் கெட்டித்து வேகமாகச் சுடும் ஒரு ரைஃபிளுக்கு 1776இல் காப்புரிமை பெற்றவர் அவர்! வரலாறு சில சமயம் இப்படித்தான் குறும்பு செய்யும். இன்னொன்றையும் சொல்லாமல் போனால் பாடம் பாதிதான். அந்த மண்ணின் பூர்வகுடிகள் நிலத்தை விட்டுத் துரத்தப்பட்டதிலும் இந்தத் துப்பாக்கிக்குப் பங்கு உண்டு. செய்நேர்த்தியை வியக்கும்போது அதையும் மறக்கக் கூடாது.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. கரிமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. மீதிதான் கரியும் கந்தகமும். உலகத்திலேயே பேர்போன வெடியுப்பு நம் பீகாரிலிருந்து போனது. நோனியா என்ற சமூகத்து மக்கள் பழைய மண்சுவர் ஓரத்திலும் மாடு கட்டும் இடத்திலும் பூத்த மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்து வடித்து, காய்ச்சி உப்பெடுத்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அதைக் கப்பல் கப்பலாக ஏற்றியது. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டதும் லிங்கனின் அரசு, வெடிமருந்து ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த லாமோ டூபாண்ட் என்பவரை இங்கிலாந்துக்கு அனுப்பி, அங்கே இருந்த இந்திய வெடியுப்பைப் பெருமளவில் வாங்கச் சொன்னது. நடுவில் இரு நாடுகளுக்கும் பிணக்கு வந்தது. பிரிட்டன் சரக்கை நிறுத்திவிட்டது. பிணக்குத் தீர்ந்த பிறகே கப்பல் கிளம்பியது.

பிறகு காலம் மாறியது. பின்பக்கம் தோட்டா போடும் துப்பாக்கிகள் பரவின. 1884இல் பிரான்சில் பால் வியேல் புகையில்லாத வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். பழைய ரைஃபிள் பரணுக்குப் போனது. செய்தவர்கள் முதுமையடைந்து ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். மகன்கள் வேறு வேலைக்குப் போனார்கள். எந்தக் கைத்தொழிலும் சாவது இப்படித்தான். சத்தமே இருக்காது.

1924இல் ஜான் டில்லின் என்பவர் எஞ்சியிருந்த ரைஃபிள்களையும் அவற்றைச் செய்தவர் பெயர்களையும் திரட்டி 'தி கென்டக்கி ரைஃபிள்' என்ற நூலை வெளியிட்டார். 1933இல் வாய்வழித் துப்பாக்கி ஆர்வலர்கள் தங்களுக்கென்று ஒரு தேசியச் சங்கம் அமைத்தார்கள். இந்தியானா மாநிலத்தில் ஃப்ரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில் அவர்களுடைய போட்டிகள் நடக்கின்றன. 1954இல் டென்னசி மாநிலத்தில் டர்னர் கிர்க்லாண்ட் என்பவர் பழைய துப்பாக்கி உதிரிபாகங்களுக்கென்றே கடை தொடங்கினார்.

ஆனாலும் ஒரு சிக்கல் இருந்தது. வெறும் இரும்புப் பட்டையிலிருந்து முழுத் துப்பாக்கியையும் கையாலேயே செய்வது எப்படி? வெர்ஜீனியாவில் வில்லியம்ஸ்பர்க் என்ற பழைய நகரத்தைச் சீரமைத்தும் மறுபடி கட்டியும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அங்கே வாலஸ் கஸ்லர் என்ற இளைஞர் 1960களில் பழைய துப்பாக்கிகளை ஆராய்ந்து, தானே அடித்துப் பார்த்து, அந்த வித்தையை மீட்டார். இரும்புப் பட்டையை உலையில் வெள்ளைச் சூட்டுக்குக் காய்ச்சி, ஒரு கம்பியைச் சுற்றி மடக்கி, சில அங்குலமாக அடித்து அடித்து ஒட்ட வேண்டும். பிறகு குடைந்து, மரத்தால் செய்த திருகு வழிகாட்டியைக் கொண்டு ஒவ்வொரு பள்ளமாகச் சுரண்டி எடுக்க வேண்டும். 1969இல் இதைப் படமாகவும் எடுத்தார்கள். பட்டறையில் தொடங்கி முதல் வேட்டு வரை அதில் இருக்கிறது.

இன்று பொழுதுபோக்காகச் செய்பவர்களில் பலர் குழலையும் விசையையும் விலைக்கு வாங்கிக்கொள்கிறார்கள். கட்டை மட்டும் கைவேலை. அதுவே மாதக்கணக்கில் இழுக்கும். குழலில் மை தடவி, மரத்தில் பதித்து எடுத்து, மை ஒட்டிய மேட்டை மட்டும் உளியால் சீவ வேண்டும். மறுபடி மை, மறுபடி சீவல். காகிதம் நுழையாத அளவுக்குப் பொருந்தும் வரை இதேதான். குழலுக்கு நிறம் ஏற்றத் துருவையே அளவாக ஏறவிட்டுத் தேய்ப்பார்கள். நாம் துருவை விரட்டுகிறோம், அவர்கள் அதை வேலைக்காரனாக வைத்துக்கொள்கிறார்கள்! சுட்டு முடித்ததும் தண்ணீர் விட்டுக் கழுவியே ஆக வேண்டும். கரிமருந்தின் கசடு இரும்பை அரித்துவிடும்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவின் மத்திய சட்டம் இந்தப் பழைய பாணித் துப்பாக்கிகளுக்குச் சலுகை தருகிறது. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது குற்றம். வெடிமருந்தோடு விளையாடுவது உயிருக்கே ஆபத்து. படித்து ரசியுங்கள், அதோடு சரி.

இனி எனக்குப் பிடித்த பகுதி. 1966இல் ஜார்ஜியா மாநிலத்தின் மலைப்பகுதியான ரேபன் கவுண்டியில் ஓர் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் 'ஃபாக்ஸ்ஃபயர்' என்ற இதழைத் தொடங்கினார்கள். இரவில் மினுங்கும் ஒரு காளானின் பெயர் அது. டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், சோப்புக் காய்ச்சுவது, மரவீடு கட்டுவது என்று பெரியவர்கள் சொன்னதை அவர்கள் பேச்சிலேயே எழுதினார்கள். 1972 முதல் அவை புத்தகங்களாக வந்தன. 1979இல் வந்த ஐந்தாம் தொகுதியில் இரும்பு உருக்குவதும் கொல்லர் வேலையும் கூடவே இந்தச் சிக்கிமுக்கி ரைஃபிள் செய்வதும் இடம்பெற்றன. ஆளும் அதிகாரியும் கேட்காததைப் பதினாறு வயதுப் பிள்ளைகள் கேட்டு எழுதினார்கள்.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். பென்சில்வேனியாக் கொல்லர்களில் பலர் குழலின் மேல் தம் பெயரைப் பொறித்தார்கள். லங்காஸ்டர் நகரத்து ஜேக்கப் டிக்கர்ட் 1822இல் இறந்தார். இன்றும் அவர் பெயரைச் சொல்கிறோம். அந்தத் துப்பாக்கிகளுக்கு உயிர் கொடுத்த வெடியுப்பைக் காய்ச்சிய நோனியாக்களில் ஒருவர் பெயரையாவது யாராவது சொல்கிறோமா? உப்பில் பெயர் பொறிக்க முடியாது. அவர்களிடம் போய்க் கேட்டு எழுதியவர்களும் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் ஏன் செய்கிறார் என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். துப்பாக்கி அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கும். செய்யும் வித்தை கையில்தான் இருக்கும். ஒரு தலைமுறை விட்டால் போயிற்று, மீட்க இன்னொருவர் ஆயுளைச் செலவழிக்க வேண்டும்.

உங்கள் எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் தூக்கிச் சுமந்த டேப் ரெக்கார்டரைவிட அது நூறு மடங்கு வசதி. உங்கள் குடும்பத்தில் தறி நெய்தவர், ஏர் செய்தவர், செக்கு ஆட்டியவர், பானை வனைந்தவர் யாராவது இருந்தால் அடுத்த விடுமுறையில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த மரம், ஏன் அந்த மரம், எத்தனை நாள் காய வேண்டும், கெட்டுப்போனால் எப்படித் தெரியும் என்று கேளுங்கள். அவர்கள் பேச்சிலேயே பதிவு செய்யுங்கள். பெயரையும் ஊரையும் மறக்காமல் எழுதுங்கள். எனக்கும் அனுப்புங்கள். திருத்த மாட்டேன், மதிப்பெண்ணும் போட மாட்டேன். ஆசையாகப் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்