வாக்குச்சீட்டு வந்த வழி

ஜனநாயகம் என்ற சொல்லை நாம் எளிதாக உச்சரித்துவிடுகிறோம். ஒரு நாட்டினுள் அது எந்த வாசலால் நுழைந்தது என்பதைப் பொறுத்தே அதன் பிற்கால நடத்தையும் அமைகிறது என்பது என் எண்ணம். நமது நாட்டையே எடுத்துக்கொள்வோம்.

கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவின் சிபாரிசுகளை அடுத்து 1833இல் சட்டநிரூபண சபை உருவானது. அதில் 15 பேர். ஒன்பது பேர் அரசாங்க உத்தியோகத்தர். மற்ற ஆறு பேரில் மூவர் ஐரோப்பியர். சிங்களவர், தமிழர், பறங்கியர் ஒவ்வொருவர். எல்லோரும் தேசாதிபதியின் நியமனம். 1889இல் முஸ்லிம்களுக்கும் கண்டிச் சிங்களவருக்கும் ஒவ்வோர் ஆசனம் கிடைத்தது. பிரதிநிதித்துவம் என்னும் அரிச்சுவடியையே 'நீ எந்த இனம்?' என்ற கேள்வியோடு சேர்த்துத்தான் நாம் படித்தோம்.

1911இல் 'படித்த இலங்கையர்' ஆசனத்துக்கு முதன்முதலாகத் தேர்தல் நடந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் வென்றார். ஆனால் வாக்காளர் சுமார் 3,000 பேரே. அந்நாளில் கிராமத்தவனின் நிலை என்ன? அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வூல்ஃப் 1913இல் வெளியிட்ட காட்டுக் கிராம நாவலை வாசித்தபோது எனக்கு விடை கிடைத்தது. அங்கே அரசாங்கம் என்றால் விதானையார்தான். சேனை வெட்ட அனுமதி வேண்டுமா, அவர் தயவு வேண்டும். அந்த மனிதன் பிரஜை அல்லன், வெறும் குடி.

அவனுக்கும் 1931இல் வாக்குரிமை வந்தது. டொனமூர் ஆணைக்குழுவின் சிபாரிசை அடுத்து 21 வயதான ஆண், பெண் இருபாலாருக்கும் அது வழங்கப்பட்டது. ஆசியாவிலேயே அது முதன்முறை. ஏ. ஈ. குணசிங்கவின் தொழிலாளர் இயக்கமும் பெண்கள் வாக்குரிமைச் சங்கமும் கேட்டதை, இராமநாதன் உள்ளிட்ட மேல்தட்டுத் தலைவர்கள் பலர் எதிர்த்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. பூரண சுயராச்சியம் இல்லையென்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரித்தது. வடக்கின் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன.

டொனமூர் இனவாரி ஆசனங்களை ஒழித்தார். ஆனால் நூறு வருடப் பழக்கம் ஒரு கையெழுத்தில் ஒழியுமா? 1936இல் தனிச் சிங்கள மந்திரிசபை அமைந்தது. 1947இல் வாக்களித்துத் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றம் அனுப்பிய மலையகத் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலானோர், 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தாலும் 1949ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டத் திருத்தத்தாலும் வாக்கை இழந்தார்கள். சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு காப்பாற்றும் என்று நம்பி வழக்காடினார்கள். 1953இல் பிரித்தானியக் கோமறை மன்றம் கைவிரித்தது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

பழி முழுவதையும் வெள்ளையர் தலையில் சுமத்திவிட்டு நாம் கைகழுவ முடியாது. அதே ஆட்சியின் கீழிருந்த இந்தியா, தன் அரசியலமைப்பைத் தானே மூன்று வருடங்களாக விவாதித்து எழுதியது. தனித் தொகுதி முறையையும் கைவிட்டது. நமக்கோ அது 1946இல் லண்டனிலிருந்து ஒரு கட்டளையாக வந்தது. இனக் கணக்கைப் போடக் கற்றுத்தந்தவர்கள் அவர்கள். அவர்கள் போன பின்னும் அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நாம்.