எழுந்து நிற்கும் தாள்: ஊவா மலைநாட்டில் அச்சும் அட்டையும் – ஒரு வரலாற்று நோக்கு

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாகக் கிழக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, அல்துமுல்லையைக் கடந்து மலையேறுகையில் பெரகல என்னுஞ் சந்தியை அடைகின்றது. அங்கிருந்து ஒரு பாதை கொஸ்லந்தை, வெல்லவாயப் பக்கமாகச் சமவெளிக்கு இறங்குகின்றது. மற்றையது அப்புத்தளை, பண்டாரவளை ஊடாகப் பதுளைப் பக்கம் செல்கின்றது. இச்சந்தியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றை எழுதியோர் நிலத்தையும், கூலியையும், சட்டத்தையும் ஆராய்ந்தனர். அவை அனைத்தையும் தாங்கி நின்ற தாளை ஒரு பொருளாகக் கொண்டு ஆராய்ந்தோர் மிகச் சிலரே.

தாள் மலைநாட்டு மக்களிடம் மூன்று வடிவங்களில் வந்தது. தட்டையாகக் கிடந்து மனிதரைக் கட்டிய தாள் ஒன்று. மடிந்து பொருளை விற்ற தாள் இன்னொன்று. விரித்தவுடன் எழுந்து நின்று ஒருவரைப் பெயர் சொல்லி வாழ்த்திய தாள் மூன்றாவது. ஈயவெழுத்தால் அச்சிட்டு, வடிவம் வெட்டி, மடித்து ஆக்கப்படும் எழுபட வாழ்த்தட்டை இம்மூன்றாம் வகையினது. விளையாட்டுப் பொருளாகத் தோன்றும் இவ்வட்டை, முதலிரு வகைத் தாள்களையும் ஆக்கிய அதே கருவிகளின் குழந்தை என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அச்சு மலையேறியமை

தமிழெழுத்து அச்சேறியது மிகப் பழைய செய்தி. 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறு பக்கங்கள் கொண்ட சிறு நூல். இலங்கையின் வடபாலில் அமெரிக்க மிஷனார் 1834இல் மானிப்பாயில் அச்சகம் நிறுவினர். 1841இல் ‘உதயதாரகை’ வெளிவரத் தொடங்கிற்று. 1849இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் தமது அச்சியந்திரத்தை நிறுவினார். ஆனால் இவ்வறிவியக்கம் நிகழ்ந்த அதே ஆண்டுகளில், தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாகக் கண்டிச் சீமைக்குச் சென்ற பல்லாயிரம் தொழிலாளரை அச்செழுத்து எட்டவில்லை. 1869இல் ஆபிரகாம் ஜோசப் இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ யாழ்ப்பாணத்தில் அச்சேறியது. தோட்டத்தைப் பொருளாகக் கொண்ட இந்நூலும் பயிர்ச்செய்கையைப் பெரிதும் துரைமார் நோக்கிலேயே பாடிற்று. உழைத்தவர் அதிற் பேசுபொருளாயினரேயன்றிப் பேசுவோராகவில்லை.

புகையிரதம் 1894இல் பண்டாரவளையையும் 1924இல் பதுளையையும் அடைந்தது. பாதை நீள நீள, நகரத்து அச்சுப்பொருள்களும் மலையேறின. 1924இல் கோ. நடேசையர் ‘தேசபக்தன்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1931இல் அட்டனை நிலைக்களனாகக் கொண்டு அவர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவர் துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களிற் பாடிய பாடல்கள் 1940இல் சிறு நூலாக வெளிவந்தன. இந்நூலும், கூட்ட அறிவித்தல்களும், துண்டுப் பிரசுரங்களும் மலிவான தாளில் அச்சானவை. தொழிலாளர் தம்மை விளித்துப் பேசும் அச்செழுத்தை முதன்முதல் இவற்றிலேயே கண்டனர் எனலாம்.

கட்டிய தாள்

அதற்கு முன்னர் அவர்கள் அறிந்த தாள் வேறு. கங்காணியின் கீழ்ச் சேர்ந்த தொழிலாளர் இன்னொரு தோட்டம் செல்ல வேண்டுமாயின், அவர்தங் கடன்தொகையைக் குறித்துத் துரை ஒரு சீட்டுக் கொடுப்பார். அத்தொகையைக் கட்டுவோரிடம் ஆட்கள் விடப்படுவர் என்பதே அச்சீட்டின் பொருள். அதற்குத் ‘துண்டு’ என்று பெயர். கையகலத் தாளொன்று ஒரு கூட்டத்தையே ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு விற்றது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஆயினும் செக்றோல் எஞ்சிற்று. கோடிட்டு அச்சான அப்பேரேட்டிலே தொழிலாளியின் பெயருக்கு முன் ஓர் இலக்கம் நின்றது. பெயர் கூலிக்காகவே எழுதப்பட்டது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பான்மையோரை நாடற்றோராக்கிற்று. அடுத்த ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் சட்டமோ, மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. தாளைச் சேமித்து வைக்கப் பெட்டகமில்லாத லயன் காம்பிராவில் வாழ்ந்தவரிடம் தாள் கேட்கப்பட்டது. விண்ணப்பங்களிற் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. 1964இல் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டின் சட்டமே எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை பெறும் வழியை எளிதாக்கிற்று.

மடிந்த தாள்

அச்சியந்திரம் எழுத்தைப் பதிப்பதோடு அமையாது தாளை வெட்டவும் மடிக்கவும் கற்றுக்கொண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலாகும். 1879இல் அமெரிக்காவின் புரூக்ளினில் ரொபட் கெயார் என்பாரின் தொழிலகத்திலே, விதைப் பைகளில் மடிப்புத் தடம் பதிக்க வேண்டிய உலோகத் தகடு சற்று உயர்ந்து நின்றமையால் பைகளை வெட்டிவிட்டது. ஒரே அழுத்தத்தில் வெட்டையும் மடிப்பையும் நிகழ்த்தலாம் என்பதை அப்பிழை அவருக்கு உணர்த்திற்று. மடிப்பட்டைப் பெட்டி பெருந்தொழிலானது அதன்பின்னரே.

1890இல் இலங்கை வந்த தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தம்பேதன்னை முதலிய தோட்டங்களைப் பெற்றார். நிறுத்துப் பொதியிட்ட தேயிலையைத் தம் பெயர் பொறித்துப் பிரித்தானியாவில் விற்றார். மலையிற் பெட்டியில் ஏற்றப்பட்ட தேயிலை, கடல் கடந்து வண்ண அச்சுத் தாளுக்குட் புகுந்தது. அத்தாள் தோட்டத்தின் பெயரைப் பரப்பிற்று. கொழுந்தெடுத்தவளின் பெயரை அது அறியாது.

எழுந்து நின்ற தாள்

வாழ்த்தட்டையின் வரலாறும் இக்காலத்ததே. 1843இல் இலண்டனில் ஹென்றி கோல் அச்சிடுவித்த கிறிஸ்மஸ் அட்டை ஏறத்தாழ ஆயிரம் படிகளே. நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் வண்ணக் கல்லச்சிற் பதித்து, புடைப்பாக்கி, உருவத்தின் ஓரம் வெட்டிய படங்கள் பெருந்தொகையாக ஏற்றுமதியாயின. மியூனிக்கில் லோதர் மெகெண்டோர்பர் (1847–1925) அசையும் படநூல்களைச் சமைத்தார். ‘பொப்-அப்’ என்னும் பெயரை 1930களில் நியூயோர்க்கின் புளூ ரிபன் புத்தக நிறுவனம் வழக்காக்கிற்று.

இத்தகைய அட்டையின் ஆக்கமுறை ஒழுங்கொன்றை வேண்டுவது. முதலில் அச்சுக்கோப்பவர் எழுத்துக்களை இடவலம் மாற்றி அடுக்கிச் சட்டத்தில் இறுக்குவார். தமிழில் இப்பணி எளிதன்று. ஐகாரம் ஏறிய ணகர, லகர, ளகர, னகரங்களுக்குப் பழைய அச்சில் தனி வார்ப்புக்கள் வேண்டியிருந்தன. ‘தேயிலை’, ‘பதுளை’, ‘அப்புத்தளை’, ‘பண்டாரவளை’ என்னும் சொற்களுள் எதனைக் கோப்பதாயினும் அத்தனி வார்ப்புக்குக் கை நீண்டாக வேண்டும். தமிழ்நாட்டரசு 1978இல் சீர்திருத்த வடிவங்களை ஏற்றபின்னரே இவ்வழக்கு மெல்ல மறைந்தது.

அச்சு முடிந்த பின்னரே வெட்டு. பலகையிற் பதித்த கூரிய எஃகுத் தகடு உருவத்தின் ஓரத்தை வெட்டும். அதனினுஞ் சற்றுத் தாழ்ந்த மழுங்கிய தகடு மடிப்புத் தடத்தைப் பதிக்கும். வெட்டுக்கு முன் மையுருளைகளைக் கழற்றிவிடுவர். இன்றேல் தகடு அவற்றைக் கிழித்துவிடும். தகட்டின் இருமருங்கும் ஒட்டிய இறப்பர்த் துண்டுகள் வெட்டுண்ட அட்டையை வெளியே தள்ளும். நடுமடிப்புக்குக் குறுக்கே இணையாக இரு வெட்டிட்டு, இடைப்பட்ட பட்டையை எதிர்ப்புறமாக மடித்தால், அட்டை செங்கோணமாக விரிகையில் அப்பட்டை படியாகி நிற்கும். அதன் முகப்பில் ஒட்டிய உருவம் தானே எழும். உருவத்தின் உயரமும் படியின் ஆழமும் சேர்ந்து அட்டையின் பாதியளவை மிஞ்சினால், மூடும்போது தலை வெளியே நீட்டும். அளவறிந்த கைக்கே இக்கலை வசப்படும்.

இது மேலைநாட்டுச் செல்வரின் பொழுதுபோக்கு, மலைநாட்டுக்கு இதனோடென்ன தொடர்பு எனச் சிலர் வினவக்கூடும். மூங்கிற் சட்டத்தில் வண்ணத் தாள் ஒட்டித் தேர் சோடிப்போரும், வெசாக் கூடு கட்டுவோரும் இந்நாட்டில் எஞ்ஞான்றும் உளர். தட்டையான தாளை எழுந்து நிற்கச் செய்யும் அறிவு அவர்தங் கைகளில் முன்னரே இருந்தது. அவ்வறிவோடு ஈயவெழுத்தைச் சேர்ப்பதொன்றே புதிது.

முடிவுரை

2014 ஒக்டோபர் 29ஆம் நாள், கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயன்களை மூடிற்று. உயிரிழப்பின் முன் தாளிழப்புச் சிறிதே. ஆயினும் ஒரு லயன் புதையும்போது அதன் தகரப் பெட்டிகளிலிருந்த கடிதமும் அட்டையும் திருமணப் பத்திரிகையும் சேர்ந்தே புதைகின்றன. துண்டும் செக்றோலும் பற்றிய செய்திகள் ஆவணக் காப்பகங்களில் உள்ளன. அவற்றை அரசும் கம்பனியும் காத்தன. வாழ்த்தைக் காப்பார் எவருமிலர். இதனால் மலையக மனிதனை இலக்கமாக எழுதிய தாளே வரலாற்றுக்குச் சான்றாகி, அவனைப் பெயர் சொல்லி அழைத்த தாள் சான்றாகாது போகின்றது. வரலாற்று மாணவர் தேடவேண்டியது இவ்விரண்டாவது தாளையேயாகும். தேயிலைத் தோட்டத்து வீடுகளில் எஞ்சியுள்ள அட்டைகளையும் அறிவித்தல்களையும் ஆண்டும் இடமுங் குறித்துத் தொகுக்கும் பணியைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களே மேற்கொள்ளலாம். அதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. பெரகலச் சந்தியில் இறங்கி மலையேறும் கால்களும், மடிப்பைக் கிழிக்காது விரிக்கும் பொறுமையுமே போதுமானவை.