பாராமகாலும் பாக்தாதும்

போரில் வெல்வது ஒரு கலை; வென்ற நிலத்தை ஆள்வது முற்றிலும் வேறொரு கலை. முதலாவதில் தேர்ந்தோர் இரண்டாவதில் சறுக்கியதற்கு வரலாற்றில் சான்றுகள் மலிந்துள்ளன. நம் காலத்துச் சான்று ஈராக். ஆனால் இந்த வினாவுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு விடை எழுதப்பட்ட இடம் நம் தருமபுரி மண் என்பதைப் பலர் அறியார்.

முதலில் ஈராக். 2003 மே மாதம் பால் பிரெமர் பாக்தாதுக்கு வந்து இடைக்கால ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். அவருக்கு அரபு மொழி தெரியாது. அதற்கு முன் அப்பகுதியில் பணியாற்றியதும் இல்லை. அவருக்குக் கீழே பணியாற்ற வந்தோரில் பலர் வாஷிங்டனில் கட்சிச் சார்பு நோக்கித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். இதழாளர் ராஜீவ் சந்திரசேகரன் 2006இல் வெளியிட்ட நூல் இதனை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. பாக்தாது பங்குச் சந்தையைத் திறக்கும் பொறுப்பு, நிதித்துறை அனுபவமே இல்லாத 24 வயது இளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. நேர்காணலில் சிலரிடம் கேட்கப்பட்டது ஈராக்கைப் பற்றியன்று. அமெரிக்காவின் கருக்கலைப்புத் தீர்ப்பைப் பற்றி. பொறுப்பேற்ற சில நாட்களிலேயே ஈராக்கியப் படை கலைக்கப்பட்டது. ஆயுதப் பயிற்சி பெற்ற இலட்சக்கணக்கானோர் ஒரே ஆணையில் வேலையற்றோர் ஆயினர். 2004 ஜூன் 28 அன்று அந்த ஆட்சி விடைபெற்றபோது நாடு கலகத்தில் எரிந்துகொண்டிருந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792 மார்ச் மாதம் சீரங்கப்பட்டண உடன்படிக்கை கையெழுத்தானது. திப்பு சுல்தான் தம் நாட்டில் ஏறத்தாழப் பாதியை இழந்தார். கும்பினிக்குக் கிடைத்த பகுதிகளுள் ஒன்று பாராமகால். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பகுதிகள் இதில் அடங்கும். சேலமும் இதனோடு சேர்த்து ஆளப்பட்டது.

வழக்கப்படி இந்நிலத்தைச் சென்னைக் கும்பினியின் சிவில் அதிகாரிகளிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். அவர்கள் யார்? இலண்டன் இயக்குநர்களின் பரிந்துரையால், மீசை அரும்பும் வயதில் எழுத்தர்களாகக் கப்பலேறி வந்தவர்கள். அமர்த்தப்படுவதற்குத் தகுதி வேண்டியதில்லை. உறவும் செல்வாக்கும் போதும். அவர்களிற் பெரும்பாலோர் நாட்டு மொழி எதனையும் கற்கவில்லை. துபாஷிகளின் வாயே அவர்களுக்குக் காதும் கண்ணும். கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபு இதனை நன்கு அறிந்திருந்தார். ஆகவே சிவில் அதிகாரிகளை ஒதுக்கிவிட்டு, படைத்தலைவர்களில் ஒருவரான அலெக்சாந்தர் ரீடிடம் பாராமகாலை ஒப்படைத்தார்.

ரீடு போரின்போது உளவுப் பணியைத் தலைமை தாங்கி நடத்தியவர். நாட்டு மொழிகளும் மக்களும் வழிகளும் அவருக்குத் தெரியும். அவருக்கு உதவியாகக் கிரகாம், மக்லியாட், தாமஸ் மன்றோ என்னும் மூன்று படை அதிகாரிகள் வந்தனர். நடுப்பிரிவான தருமபுரி மன்றோவுக்குக் கிடைத்தது. அப்போது அவர் முப்பது வயதை எட்டியிருந்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மன்றோவுக்கும் வருவாய்த் துறையில் முன் அனுபவம் கிடையாது. ஏட்டளவில் பார்த்தால் அவரும் கற்றுக்குட்டியே. எனினும் 1780இல் சென்னை வந்திறங்கியது முதல் பன்னிரண்டு ஆண்டுகள் இந்நாட்டில் நடந்து திரிந்தவர். பாரசீகமும் இந்துஸ்தானியும் பயின்றவர். பதவிக்குப் புதியவர், நாட்டுக்குப் புதியவர் அல்லர். பாக்தாதுக்கு வந்தவர்களில் பலர் இரண்டுக்குமே புதியவர்கள்.

ரீடும் அவர் குழுவினரும் ஊர் ஊராகச் சென்றனர். நிலத்தை அளந்தனர், கர்ணங்களின் கணக்குகளைக் குடிகளின் சொல்லோடு ஒப்பிட்டனர். இடைத்தரகர் இன்றி ஒவ்வொரு குடியோடும் நேரே தீர்வை பேசும் முறை அவ்வாறுதான் உருவாயிற்று. இரயத்துவாரி என்று பாடநூல்களில் நாம் படிப்பது இதுவே. மன்றோ தருமபுரியில் தோட்டம் போட்டு வாழ்ந்தார். அதன்மீது தமக்கிருந்த பற்றைத் தம் கடிதங்களில் குறித்திருக்கிறார்.

1799இல் நான்காம் மைசூர்ப் போர் மூண்டதும் ரீடும் மன்றோவும் அகன்றனர். அதன்பின் மேலிடம் வங்காளத்து நிரந்தரத் தீர்வையை இங்கும் புகுத்தியது. நிலம் மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விடப்பட்டது. மண்ணை அறியாத ஏற்பாடு மண்ணில் வேர்விடவில்லை. பல மிட்டாதார்கள் பணம் கட்ட இயலாமல் வீழ்ந்தனர். அவர்களுக்குக் கீழிருந்த குடிகள் நொந்தனர். இறுதியில் இரயத்துவாரியே திரும்பியது.

இதனால் மன்றோவை மகானாக்க வேண்டியதில்லை. அவர் நடத்தியதும் ஓர் ஆக்கிரமிப்பு ஆட்சியே. அளக்கப்பட்ட நிலத்தின் தீர்வை மிகுதியாகவே இருந்தது. மழை பொய்க்கும் இந்த வறண்ட மண்ணில் அதனைக் கட்டுவது எளிதன்று. பின்னாளில், 1807இல், கடப்பை, பெல்லாரி முதலிய பகுதிகளுக்கு நூற்றுக்கு 25 அளவு தீர்வைக் குறைப்பை மன்றோவே பரிந்துரைக்க நேர்ந்தது. அறிந்து ஆள்வது வேறு, அறத்தோடு ஆள்வது வேறு. குடியை நன்கறிந்த அரசு குடியிடம் நன்கு கறக்கவும் கூடும்.

ஆயினும், அறியாமல் ஆள்பவனிடம் அறத்துக்கு வழியே இல்லை. அன்பு ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு அறிவற்றவரைத் தெளிவது எல்லா அறியாமையையும் தரும் என்று வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தில் சொன்னது இதைத்தான். உரையாசிரியர்கள் அரசனுக்குச் சொன்ன அறிவுரையாக இதனை விளக்குவர். ஆனால் தவறான தேர்வின் விலையை அரசன் கொடுப்பதில்லை. பாக்தாதில் அதனைக் கொடுத்தவர் தெருவில் நின்ற மக்கள். பாராமகாலில் ஏர் பிடித்த குடிகள்.

இன்றும் நம் வட்டாட்சியர் அலுவலகங்களில் ஆண்டுதோறும் ஜமாபந்தி நடைபெறுகிறது. பட்டாவும் கையுமாக வரிசையில் நிற்கும் உழவர், ரீடும் மன்றோவும் தொடங்கிய ஓர் உரையாடலின் எச்சத்தில்தான் நிற்கிறார். மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவர் தம் ஊரை அறிந்தவரா என்பதே அன்றும் இன்றும் அவருடைய கவலை.